பெண் குரல் முந்தும் இடம்

வெள்ளவத்தையில் நான் இரவு வேலை பார்க்கும் கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடையில் ஓயாமல் ஓடுவது ‘கடல்பக்க யன்னல்’ கசெட்தான். அந்தப் பாட்டில் ஒரு பிழை இருக்கிறது. ஆண், ‘மாலை ரயிலில் திரும்புவேன்’ என்று பாட வேண்டும். ‘திரும்பு’ என்றதுமே பெண் குரல் குறுக்கே விழுகிறது. காதலின் அவசரம் என்கிறார்கள். கலியாண வீடுகளிலும் அப்படியே பாடுகிறார்கள். நான் நம்பவில்லை. பாடிய றோஸியிடமே கேட்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அவர் தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

“காதலா? அந்தாள நான் மொதல்ல பார்த்ததே பொலிஸ்லதான்.”

தொண்ணூறில் நடந்தது. ஒலிப்பதிவுக்காரர் ராசிக், முழுப் பாட்டையும் தானே பாடி, பழகுவதற்கு ஆளுக்கொரு கசெட் கொடுத்துவிடுவார். பாடுகிற இருவரும் பதிவன்றுதான் சந்திப்பார்கள். அதற்கு முதல் நாள் லொட்ஜில் சுற்றிவளைப்பு. அங்கே தங்கியிருந்த ஆண் பாடகர் பாலசுந்தரத்தை, யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருந்ததால், பொலிஸார் ஏற்றிப் போனார்கள். பாட்டுப் பாட வந்ததாகச் சொன்னார். யாருடன்? றோஸி. ஆள் எப்படி இருப்பாள்? தெரியாது. அதோடு அவர் பொய்யராகிவிட்டார்.

செய்தி அறிந்த ராசிக் றோஸியைப் பொலிஸுக்குக் கூட்டிப் போனார். இன்ஸ்பெக்டர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, “சிந்து கியன்ன” என்று சிங்களத்தில் பாடச் சொன்னார். பாட்டுப் பொருந்தினால் வெளியே. இல்லையென்றால் உள்ளே.

“ஒதடு வெடிச்சிருந்திச்சு. ஆனா நல்லாத்தான் பாடினாரு. ‘திரும்பு’ன்னதும் தொண்ட அடைச்சிரிச்சு. இன்ஸ்பெக்டர் நிமிந்து பார்த்தான். நான் என்ன செய்ய? என்ட வரிய எடுத்துட்டேன். பாட்டே அப்படித்தான்னு நெனைக்கட்டும்.”

இன்ஸ்பெக்டர் அப்படித்தான் நினைத்தார். மேசையில் தாளமும் போட்டார். பாலசுந்தரத்தை விட்டார்கள்.

“அப்ப கசெட்டில ஏன் அப்படி?”

“ஸ்டூடியோவிலயும் அதே எடத்துல அடைச்சிது. எத்தின தரம் பாடுறது? ராசிக் நானா வெறுத்துப்போய், ‘பொலிஸ்ல பாடின மாதிரியே பாடிவிடு புள்ள’ன்னாரு.”

“பொலிஸில இருந்து வெளியில வந்து உங்களிட்ட என்ன சொன்னவர்?”

“‘தங்கச்சி, தண்ணி இருக்கோ?’ன்னாரு. வேறென்ன சொல்லுவாரு? ஊர்ல பொஞ்சாதி, புள்ளைங்க. அடுத்த கெழம பஸ் ஏறிட்டாரு.”

“போய்ச் சேர்ந்தாரா?”

மெஷின் நின்றது.

“அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒங்க கடைக்கு யாழ்ப்பாணத்து ஆக்கள் வருவாங்கதானே. கேட்டுச் சொல்லுங்களேன்.”

வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்களிடம் அன்றிலிருந்து கேட்கிறேன். பாலசுந்தரத்தை யாருக்கும் தெரியவில்லை. பாட்டைப் பாடிக் காட்டுகிறார்கள். சரியாக ‘திரும்பு’வில் நிறுத்துகிறார்கள்.