சொல்லுங்கம்மா

மனநல உதவி எண் அறையில் ஆறு நாற்காலிகள். ஆறிலும் பெண்கள். மூத்தவளை மற்றவர்கள் பெரியக்கா என்பார்கள். அவளுக்கு உளவியல் நடத்திய பேராசிரியர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கூடப் படித்த நாற்பது பேரில் ஆண்கள் நாலே பேர். பாண்டவருக்கு ஒன்று குறைச்சல் என்று கிண்டல் செய்தே ஓட்டினார்கள். நாலு பேரும் இப்போது வேறு வேலையில். போன வருடம் இந்த அறைக்கும் ஒருவன் வந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், "பேசுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று மாமனாராக வரவேண்டியவர் கேட்டுவிட, மூன்றாம் மாதமே கும்பிடு போட்டுவிட்டான்.

அழைப்பவர்களிலும் முக்கால்வாசி பெண்கள்தான். ஃபோனை எடுத்ததும் வாய் தானாக "சொல்லுங்கம்மா" என்றுவிடும். பேச்சே வராத அழைப்புகளுக்குப் பெரியக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். புருஷன் பக்கத்தில் நிற்கிறானா, ஒரு தடவை இருமினால் போதும், நாங்கள் புரிந்துகொள்வோம் என்பாள். மேலிடத்தில் அதற்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

இன்று மதியம் அவள் எதிரில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பேருந்துப் பணிமனை மெக்கானிக்கின் மனைவி. கணவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு பதினேழு நாள் ஆகிறது. அவருடைய ஃபோனை மேசைமேல் நகர்த்தினாள். கடைசி அழைப்பு இந்த அறைக்கு. நாலு நிமிஷம்.

"இங்க ஆம்பளை யாரும் இல்லையா மேடம்?"

"இல்லம்மா."

"அப்போ உங்கள்ல ஒருத்தர்கிட்டதான் பேசியிருக்காரு. யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசாத மனுஷன். எம்மேல கோவம்னு சொன்னாரா? என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

பெரியக்கா பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் நாலு நிமிஷ அழைப்பு ஒன்றே ஒன்றுதான். அவளுடைய கையெழுத்தேதான்: 'பெண். பேசவில்லை. கணவர் அருகில்.'

அழைப்பு விவரம் வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொல்லி நழுவலாம். இல்லை, 'உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் பேசினாரு' என்று ஒரு பொய் சொன்னால் இந்தப் பெண் இன்றாவது கண்ணை மூடுவாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை.

"அவரு பேசவே இல்லம்மா. யாரோ பொண்ணுன்னு நெனச்சிட்டேன். பக்கத்துல புருஷன் இருந்தா ஒரு தடவை இருமுங்கன்னேன். இருமினாரு."

"ஒரு தடவையா?"

"இல்ல. விடாம."

மெக்கானிக்கின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அழுகை வந்தா இருமுவாரு மேடம். பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

இருமலில் ஆண் பெண் தெரியாதா? தெரியும். பெண்ணை எதிர்பார்த்துக்கொண்டே கேட்கிற காதுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் அழுததைக் கேட்டவள் பெரியக்கா. இந்த ஒரு அழுகையைத் தவறவிட்டாள்.

"அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க?"

இந்தக் கேள்வி மட்டும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த நாலு நிமிஷத்தில் பேசியதெல்லாம் அவள்தானே.

"பயப்படாதீங்கம்மான்னேன். குடும்பத்துக்காகன்னு பொறுத்துக்கிட்டு இருக்காதீங்கன்னேன். அந்த ஆளு இல்லன்னா..." பதிவேட்டை மூடினாள். "அந்த ஆளு இல்லன்னா உங்க வீடு நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்."

மெக்கானிக்கின் மனைவி கணவருடைய ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு அவரு?"

"பாதியில வைக்கலம்மா," என்றாள் பெரியக்கா. "முழுசாக் கேட்டுட்டுத்தான் வெச்சாரு."