பத்து நொடி வேலை

காரில் ஆயில் மாற்றச் சொல்லும் மஞ்சள் விளக்கை அணைப்பதில் அந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என்ஜினைக் கிளப்பாமல், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சாவியை மட்டும் திருப்ப வேண்டும். பத்து நொடி. விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை அணைத்துவிட்டார். ஆயிலைத்தான் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

மனிதரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பல்பு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் ஒரு நாள் பிந்தாமல் போய் வந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எழுதிப்போட்ட இடமெல்லாம் அவர் வயதைப் பார்த்துக் கையை விரித்தது. அதன்பின் மனைவிதான் ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன் ஷிஃப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் ஓடினால் வேலை, வேலை இருந்தால் வீடு. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகப் போய் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றாவது தடவை என்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

முதல் தடவை மஞ்சள் விளக்கு எரிந்தபோது, ஒர்க்‌ஷாப் எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டினார். வீடியோ பார்த்தார், ஆயில் வாங்கினார், ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி அடியில் படுத்தார். பழைய ஆயிலை வடிக்க என்ஜினுக்குக் கீழே ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருகினார். வழுக்கியது. விடுவாரா, இன்னும் வேகமாகத் திருகினார். போல்ட் தலையின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. இனி எந்த ஸ்பேனருக்கும் அது பிடிகொடுக்காது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் கழற்றியிருப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது காரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு வேலைதான். அதையும் கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்? காருக்குள் ஏறி உட்கார்ந்து விளக்கை மட்டும் அணைத்தார். அவர் கையெல்லாம் கரி இருந்ததைப் பார்த்து, மாற்றிவிட்டீர்களா என்று மனைவி கேட்டாள். தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போனது.

வழியில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அது சும்மா ஞாபகப்படுத்துற விளக்குதாம்மா. அதுக்காக வண்டிய நிறுத்தாத, நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. வந்ததும் நான் அணைச்சு விடறேன்."

அவர் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது. அதனால் பிறகொரு நாள் அதிகாலை, வேலைக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்தபோதும் அவள் நிறுத்தவில்லை. மஞ்சள் ஞாபகப்படுத்த, சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பத்து கிலோமீட்டர் போனதும் என்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்திருந்தது. சலவைக்கூடத்திலிருந்து போன் வந்துவிட்டதாம். நாளையிலிருந்து வர வேண்டாமாம். அவள் அழவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, வந்திருந்த மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. என்ஜின் ஜாம், இனி இதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம் என்றார். பிறகு, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று கேட்டார்.

"போன மாசம்தான்" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். "வெளிய எங்கயும் விட மாட்டாரு. எல்லாம் இவரேதான் பார்ப்பாரு."

மெக்கானிக் குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். மழுங்கிப்போன அந்த போல்ட்டைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்து, அப்படியா சார் என்பதுபோல் கணவரின் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. தொண்டைவரை வந்தும்விட்டது.

"ஆமா" என்றார்.

மெக்கானிக் டார்ச்சை அணைத்துவிட்டு, வண்டியை இழுத்துப்போகக் கயிறு எடுக்கப் போனார். அவள் எழுந்து கணவர் அருகில் வந்தாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"நான்தாங்க ஏதோ தப்பா ஓட்டிட்டேன். நீங்க எவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சிருந்தீங்க."

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்ல, விடு" என்று அவளை மன்னித்தார்.