பரமநாதன் தட்டிக்கொண்டிருக்கிறார்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சுவிஸில், திரிம்பாக் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற சிவரூபினி திரும்பிக் கேட்டார்: "நீங்கள் கதை எழுதுறனீங்களாம். எங்கட வீட்டுப் பழைய கொம்பியூட்டரைப் பற்றி எழுதுவியளோ?"

கணினியைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். சோறு முடிந்து, பாயசமும் முடிந்து, கை காய்ந்த பிறகும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் எழும்பவில்லை.

முதல் தொடக்கம்: வின்டர்தூரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சிவரூபினி தன் கணவரை

[வெட்டிவிட்டேன். சுவிஸ் என்றதும் என் பேனாவுக்குப் பனி பிடித்துவிடுகிறது. அன்று நல்ல வெயிலாம்.]

இரண்டாம் தொடக்கம்: பக்கவாதம் பரமநாதனின் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோய்விட்டது. அறிவைத் தொடவில்லை.

இது நிற்கட்டும்.

2

பரமநாதன் சிவரூபினியின் கணவர். ஒருகாலத்தில் சனங்களின் கலியாண அழைப்பிதழ்களையும் கோயில் அறிவித்தல்களையும் பாமினியில்* தட்டிக் கொடுத்தவர். இப்போது அதே மடிக்கணினியில் இடதுகை விரல் ஒன்றால் தட்டுகிறார். அவருக்கு இருக்கும் ஒரே வாய் அதுதான்.

(* பாமினி ஒரு பழைய தமிழ் எழுத்துரு. எந்த விசையில் எந்த எழுத்து என்று அதில் பழகியவரைக் கேட்டால் விழிப்பார். விரலுக்குத் தெரியும்.)

கணினி சோர்ந்துபோயிருந்தது. விசையை அழுத்தினால் எழுத்து தன்பாட்டுக்கு ஆறுதலாக, மெல்ல வந்தது. இதற்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதிது வாங்குங்கள் என்ற அறிவிப்பு வேறு அடிக்கடி வந்து மறித்தது. மகள் புதியதொன்று கொண்டுவந்தாள். தட்டையான விசைகளில் விரல் வழுக்க, அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டார்.

பழையதில் "எனக்கு" என்று தட்டுவார். காத்திருப்பார். அடுத்த சொல் வருமுன் சிவரூபினி முடித்துவைப்பார்: "தேத்தண்ணியோ? பொறுங்கோ, கொண்டாறன்."

அவரும் குடிப்பார்.

கேட்டது தேத்தண்ணிதானா என்ற சந்தேகம் சிவரூபினிக்கு ஒருநாள் வந்தது. வந்தபிறகு அது போகவில்லை. எத்தனை வாக்கியங்களை இப்படி விழுங்கவைத்தேனோ என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

3

ரிப்பேர் கஃபே என்று ஒன்று உண்டு. சனிக்கிழமையில் பழுதான சாமானோடு போனால், தெரிந்தவர்கள் கோப்பி ஊற்றித் தந்து சேர்ந்து திருத்துவார்கள். பரமநாதனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, மடிக்கணினியை அவர் மடியில் வைத்து, சிவரூபினி அங்கே போனார். மேசையில் இருந்தவர் ஊர்சுலா, ஓய்வுபெற்ற பஸ் சாரதி.

"இது பழுதாப்போனா இவர் ஊமையாயிடுவார்," என்றார் சிவரூபினி.

"மிசின் நல்லாத்தான் கிடக்கு. உள்ளுக்கு ஓடுற மென்பொருள்தான் அதுக்குப் பாரம். அதைக் கழட்டிப்போட்டு லினக்ஸ் போடுவம்."

[ஊர்சுலா ஜெர்மனில் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழில் எனக்குச் சொன்னவர் சிவரூபினி. ஊர்சுலா "கிடக்கு" என்று சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.]

பழைய மென்பொருள் அழிந்தது. சிவரூபினி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரை விழித்தது. பட்டியலெல்லாம் தமிழ்.

"இதை ஆர் தமிழில எழுதினது?"

"தெரியாது. ஆரோ கொஞ்சப்பேர், தங்கட ஓய்வு நேரத்தில."

"சும்மாவோ?"

"ஓம், சும்மாதான்."

இங்கே கதையை நிறுத்தாமல் என்னால் போகமுடியவில்லை. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருவர், பரமநாதன் என்று ஒருவர் இருப்பதே தெரியாமல், அவருக்காகத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார் என்று அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில்தான் உறைத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆல்ப்ஸைப் பார்த்துக்கூட இப்படி ஆனதில்லை.

4

பாமினி விசையமைப்பும் அதற்குள் இருந்தது. பரமநாதன் "நல்லது" என்று தட்டினார். "நண்ணது" என்று வந்தது. ஆங்கில விசைப்பலகையில் உள்ள இரண்டு விசைகள் சுவிஸ் விசைப்பலகையில் இடம் மாறியிருக்கும்; அதனால் இரண்டு எழுத்தும் மாறிவிட்டன. அவர் விரலை எடுத்துவிட்டார். முகம் சுருங்கியது.

ஊர்சுலா அந்த விசையமைப்பின் கோப்பைத் திறந்தார். வரிவரியாகத் தமிழ் எழுத்துகள். தலைப்பில், அதை எழுதிய யாரோ ஒருவரின் பெயர்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கதான் மாத்தோணும்."

"நானோ? எழுதினவை ஏசமாட்டினமோ?"

"மாத்தத்தானே திறந்து வைச்சிருக்கினம்."

சிவரூபினி லகரத்தையும் ணகரத்தையும் இடம் மாற்றினார். "ஆரோ தெரியாத ஆக்களின்ர வீட்டுக்குள்ள போய்க் கதிரையை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது," என்றார் என்னிடம். "ஆனா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

5

பரமநாதன் மறுபடி தட்டினார். விரல் பட்ட கணமே எழுத்து திரையில் வந்து நின்றது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு "எனக்கு" என்று தட்டினார். விரல் நிற்கவில்லை.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) எனக்கு நீர் ஒருத்தி போதும். [நல்ல சினிமா. வேண்டாம்.]

(ஆ) எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். [சிரிப்பு வரும். ஆனாலும்]

(இ) எனக்கு இவ்வளவு நாளும்

மூன்றாவதை முடிக்க முடியாமல் சிவரூபினிக்குத் தொலைபேசினேன். "அண்டைக்கு என்ன எழுதினவர்? தேத்தண்ணி வேண்டாம் எண்டோ?"



"பாத்தியளோ," என்றார். "நீங்களும் முடிச்சு வைக்கிறியள்."

ஆகவே மூன்றையும் வெட்டுகிறேன். இந்தக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் பனியைப் பெய்யவையுங்கள், ஊர்சுலாவை ரயில் ஓட்டவிடுங்கள், மாற்றி அடுத்தவருக்குக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் தொடவேண்டாம். அது பரமநாதனுடையது.

"எனக்கு" என்பது வரை வந்திருக்கிறது. சிவரூபினி வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கிறார். நீங்களும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.