அடி இருக்கிற சேறு

கடையில் இருந்ததிலேயே பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பைக் மாதிரி கைப்பிடி, நான்கு தடித்த சக்கரங்கள், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. "சேறு, சகதி, பள்ளம், எதுவா இருந்தாலும் கிழிச்சிக்கிட்டுப் போகும் மேடம்" என்றார் விற்பவர். அவருடைய சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. எந்த மாதிரி டயர் போடலாம் என்று கேட்டேன். "கம்பெனியே நல்ல டயராதான் போட்டுக் குடுக்குது மேடம்" என்றார். இந்த மனிதர் வாழ்க்கையில் சேற்றில் கால் வைத்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் மாட்டு டாக்டர். என் பொறுப்பில் இருக்கும் பண்ணைகளில் பாதி சதுப்புக்கு அந்தப் பக்கம். மழை பிடித்துவிட்டால் அவையெல்லாம் தீவு மாதிரி ஆகிவிடும். போன மழைக்காலத்தில் ஒரு பசு ஈனமுடியாமல் தவிக்கிறது என்று போன் வந்து கிளம்பினேன். பாதி வழியில் ஜீப் வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் கன்று உள்ளேயே செத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பசுவும் போய்விட்டது. பண்ணைக்கார அம்மா கைகழுவ வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு ஆபீசுக்கு எழுதி எழுதி, ஒருவழியாகச் சேற்றில் ஓடும் நாலு சக்கர வண்டி ஒன்று தர ஒப்புக்கொண்டார்கள். எந்த வண்டி, அதில் என்னென்ன பொருத்த வேண்டும் என்பதை நான்தான் எழுதித் தரவேண்டும். வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் இதைச் சொன்னேன்.

"சேத்துல வண்டி ஓட்டறதப் பத்தித் தெரிஞ்சவரு நமக்கு ஒருத்தர்தானேம்மா இருக்காரு. அப்பாகிட்ட கேக்கறதுக்கு என்ன?"

"கேக்கலாம்."

"நீ கேக்கலாம்னு சொன்னா கேக்க மாட்டேன்னு அர்த்தம்."

நானும் அவள் அப்பாவும் பிரிந்து பதினாலு வருடம் ஆகிறது. ஒரே ஊர்தான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வோம். இளவயதில் அவர் சேற்று வண்டிப் பந்தயங்களுக்குப் போவார். எந்தப் பந்தயமானாலும் கடைசியில் கழுத்துவரை சேறோடுதான் வந்து நிற்பார் என்பதால் கூட்டாளிகள் அவருக்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணம் என்றதும், மாட்டு டாக்டர் எருமையைக் கட்டிக்கொண்டால் வைத்தியச் செலவு மிச்சம் என்று ஊரே சிரித்தது. நாங்களும்தான் சிரித்தோம். முதல் இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம். அவர் ஓட்ட, நான் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சிக்கிக்கொண்டால் இறங்கித் தள்ளுவது என் வேலை. சக்கரம் சுற்றிச் சுற்றி என் முகத்தில் சேற்றை வாரி அடிக்கும். வாயில் மண் நறநறக்கச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து துணியை மூன்று தண்ணீரில் அலசினாலும் நான்காவதும் செம்மண் நிறத்தில்தான் போகும். அந்த நிறம் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.

பிறகு மகள் பிறந்தாள். எனக்கு வேலை கூடிற்று. அவர் வாராவாரம் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் கிளம்பும்போது "எப்ப வருவீங்க" என்று கேட்பதை ஒருநாள் நான் நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். நாங்கள் பிரிந்த அடுத்த மாதமே அவர் பந்தயத்தை விட்டுவிட்டு டிராக்டர் பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இருந்தபோது விடாதவர் நான் போனபிறகு விட்டது பல வருடம் எனக்கு ஆறவே இல்லை.

கடைசியில் அவருடைய பட்டறைக்குப் போனபோது ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அந்தக் கால்களைத் தெரியும்.

"நாலு சக்கர வண்டி ஒண்ணு வாங்கணும். சேத்துக்கு" என்றேன்.

 வெளியே வந்து கையைத் துடைத்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை.

"சேத்துக்கு அடி இருக்கா?"

"அப்படின்னா?"

"குச்சிய விட்டா கெட்டித்தரை தட்டுதா, போயிக்கிட்டே இருக்கா? அடி இருந்தா ஒசரமான ஒல்லி டயரு. வெட்டிக்கிட்டு எறங்கித் தரையப் பிடிச்சிக்கும். அடியே இல்லன்னா அகல டயரு, காத்தக் கொறச்சி மெதந்தாப்புல போகணும். மாத்திப் போட்டோம்னா புதைச்சிடும்."

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சதுப்பைத் தாண்டிப் போகிறேன். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் இருவரும் ஆளுக்கொரு நீளக் கழியோடு போய்க் குத்திப் பார்த்தோம். பெரும்பாலும் முழங்கால் ஆழத்தில் களிமண் தட்டியது. இரண்டே இடத்தில் கழி நிற்காமல் உள்ளே போனது. அங்கே இருந்த புதர்களில் சிவப்புத் துணி கிழித்துக் கட்டினார். "இங்க வீராப்பு காட்டாத. சுத்திப் போயிடு."

சிவப்பு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரிய வண்டி பார்வைக்கு நன்றாக இருக்கும், புதைந்தால் யானை விழுந்த மாதிரிதான் என்றார். நடுத்தர இன்ஜினில் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அது வந்ததும் பட்டறையிலேயே வேலை நடந்தது. இடைவெளி விட்டுப் பல் பல்லாக எழுந்து நிற்கும் ஒல்லி டயர்கள். அவை கனம் என்பதால் பெல்ட் கருகாமல் இருக்க கிளட்சில் வேறு ஸ்பிரிங். இன்ஜின் தண்ணீர் குடித்துவிடாதபடி காற்றுக்குழாயைக் கைப்பிடி உயரத்துக்கு ஏற்றினார். சேறு அடைத்துக்கொள்ளும் என்று முன்னாலிருந்த ரேடியேட்டரைக் கழற்றி மேலே வைத்தார். அடிவயிற்றுக்கு ஒரு தகடு, சிக்கினால் கம்பிவடத்தால் இழுத்து மீள முகத்தில் ஒரு வின்ச், மரத்தில் சுற்றிக்கட்ட அகலப் பட்டை. ஆஸ்பத்திரி முடிந்து போகும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். பின்னால் மருந்துப்பெட்டி வைக்க அளவெடுக்கும்போது என்னென்ன வரும் என்று கேட்டார். ஈத்துக் கயிறு, குளூக்கோஸ் பாட்டில், முழங்கைக்கு மேல் வரும் கையுறை, தையல் சாமான் என்று சொல்லிக்கொண்டே போனேன். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"இவ்வளவையும் தூக்கிட்டா போற?"

"எப்பவுமே."

தலையைக் குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.

வண்டி முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை பட்டறையில் இருந்தபோது அதே பண்ணைக்கார அம்மாவின் போன். "பனிக்குடம் ஒடைஞ்சி ரொம்ப நேரமாச்சு டாக்டரம்மா. ஒரு காலு மட்டும்தான் தெரியுது."

அவர் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "ஏறு, நான் ஓட்டறேன்" என்று எழுந்தார்.

"நான் ஓட்டறேன். எனக்கு இழுக்கத்தான் ஆள் வேணும். பின்னால உக்காருங்க."

ஸ்பானரைப் போட்டுவிட்டு ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தடுமாறிவிட்டு மருந்துப்பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சதுப்பில் இறங்கியதும் வண்டி முக்கியது. "விட்டு விட்டு முறுக்காத. ஒரே சீரா போ."  துணி கட்டிய புதர்களைச் சுற்றிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் வின்ச்சை யோசிப்பதற்குள் அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். வண்டி துள்ளி மேலேறியதும் திரும்பிப் பார்த்தேன். கண் இரண்டைத் தவிர முகம் முழுக்கச் சேறு. துப்பிக்கொண்டே, போ போ என்று கையாட்டினார்.

பண்ணையில் வைக்கோலின் மேல் ஒருக்களித்துப் படுத்துத் தோள்வரைக்கும் கையை விட்டேன். மற்றொரு கால் மடங்கிப் பின்னால் போயிருந்தது. பசு முக்கும்போதெல்லாம் என் கை எலும்போடு நசுங்கியது. குளம்பை உள்ளங்கையில் பொத்தி, தள்ளி, திருப்பி, முன்னால் கொண்டுவந்து கயிற்றை மாட்ட அரைமணிக்கு மேல் ஆனது. "அது முக்கறப்ப மட்டும் இழுங்க. நிறுத்துனா நிறுத்தணும்" என்றேன். சொன்னபடி செய்தார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, துவாரத்தில் வைக்கோல் நுனியை விட்டுக் குடைந்து, விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பண்ணைக்கார அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அது தும்மியது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்றைப் பார்க்கவில்லை. ரத்தமும் நீரும் வடிந்துகொண்டிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவகூட நான் வந்து பாத்ததில்ல" என்றார்.

அவருடைய பந்தயம் ஒன்றையாவது நான் போய்ப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன்.  சோப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. பட்டறை வாசலில் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் கழுவினார். டயர் பற்களுக்கு நடுவிலிருந்து கட்டி கட்டியாகச் சேறு பெயர்ந்து விழுந்தது. நான் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைசியாகத் தண்ணீரை என் பூட்ஸ் பக்கம் திருப்பி, "தூக்கு" என்றார். ஒரு காலைத் தூக்கினேன். ஈரத்தரை வழுக்கியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் தூக்கினேன். தண்ணீர் எங்கள் இருவர் காலையும் சுற்றிக்கொண்டு, செம்மண் நிறத்தில், சாக்கடைப் பக்கம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.