தவராசாவுக்கு அம்மாள் வந்த புதன்கிழமை

1987ஆம் ஆண்டு யூலை எட்டாந் தேதி, புதன்கிழமை, காலை ஏழேகால் மணிக்குத் தவராசா ஒக்லண்ட் நகரத்து ரானுயியில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் வந்து நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். முகம், நெஞ்சு, வயிறு, முதுகு எங்கும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டு. சனிக்கிழமை அவனுக்குக் கலியாணம்.

தவராசா எங்களுக்குச் சொந்தமில்லை. வளவின் பின்பக்கத்துத் தனியறையில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருப்பவன். பக்கத்து ஹென்டர்சனில் ஒரு கட்டட அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. தாய் தகப்பன் ஊரில், சண்டையால் வரப் பாதையில்லை. ஆகையால் மாப்பிள்ளை வீடென்று நானும் மனைவி குணவதியும்தான்.

குணவதி அப்போது பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தாச்சியை அடுப்பால் இறக்கி வைத்தாள்.

"இது அம்மாள்," என்றாள்.

"கொப்புளிப்பானோ, சின்னமுத்தோ?" என்று அம்மையின் வகையைக் கேட்டேன்.

"எந்த உருவத்திலை வந்தாலும் அவதான்."

"அக்கா, எனக்குச் சின்னனிலையே கொப்புளிப்பான் வந்தது," என்றான் தவராசா.

"ஒருக்கா வந்தவ திரும்பி வரமாட்டாவெண்டு உனக்கு எழுதித் தந்தவவோ?"

குணவதியோடு நோய் விஷயத்தில் வாதாடுகிறவர்கள் குறைவு. அவளுடைய தகப்பனார் கிளிநொச்சியில் இருபத்திரண்டு வருடம் அப்போதிக்கரியாக, அதாவது அரை டொக்டராக, இருந்தவர். அந்தக் காரணத்தால்தான் எங்கள் வீட்டில் பிஸ்கற் டின் ஒன்று உண்டானது. அதன் விபரம் இது.

இங்கே டொக்டர்மார் காய்ச்சலுக்கும் காதுக்குத்துக்கும் ஏழு நாளைக்குக் குளிசை எழுதுவார்கள். எங்கள் ஆட்களுக்கு மூன்றாம் நாள் சுகம் வந்துவிடும். சுகம் வந்த பிறகும் விழுங்குவது வீண் என்பது பொதுவான கொள்கை. எறிவதோ பாவம். எனவே மிச்சத்தைக் கொண்டுவந்து குணவதியிடம் கொடுப்பார்கள். பெனடிக்ற் வீட்டுக் குழந்தையின் காது, சரோஜாதேவியின் சலக்கடுப்பு, யாரோ ஒருவரின் முதுகுக்கட்டு, எல்லாம் பாதியில் சுகமாகி அந்த டின்னுக்குள் வந்து சேர்ந்தன. மூடியில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: நிறம், எண்ணிக்கை, தந்தவர், தேதி. நோயாளி ரெலிபோன் எடுத்தால் குணவதி நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். தொண்டைக்குச் சிவப்பு-மஞ்சள். அது முடிந்தால் கறுப்பு-சிவப்பு.

பத்து நாளுக்கு முன் தவராசா தொண்டை நோவென்று வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. பெனடிக்ற் வீட்டுச் சிவப்பு-மஞ்சள் ஒன்பது, சரோஜாதேவி வீட்டுக் கறுப்பு-சிவப்பு பதினொன்று. கலியாணத்துக்கு முன் சுகமாக வேண்டுமென்று இருபதையும் சொன்னபடி விழுங்கினான். எங்கள் டின்னின் சரித்திரத்திலேயே ஒரு மருந்தை முழுமையாக எடுத்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது அம்மாள் வந்த வீட்டில் செய்ய வேண்டியவை தொடங்கின. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. பணியாரம் அரைவாசியில் நின்றது. வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். ஒக்லண்டில் வேப்பமரத்துக்கு எங்கே போவது?

"ரயில் பாதைக் கரையிலை மனூக்கா நிக்குது. அதுவும் சின்ன இலை, அதுவும் கைக்கும். ரெண்டு கொப்பு முறிச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள் குணவதி.

"அம்மாளுக்கு மனூக்கா தெரியுமோ?"

"இவ்வளவு தூரம் வந்தவ அதையும் தெரிஞ்சுகொண்டுதான் வந்திருப்பா."

முறித்துக்கொண்டு வந்தேன். தவராசாவின் அறை வாசலில் கட்டினோம். பிறகு நான் நாட்காட்டியை எடுத்து மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். அம்மாளுக்கு ஒன்பதாம் நாள் தண்ணி வார்க்க வேண்டும், அதுவரை நல்ல காரியம் கூடாது. அது பதினாறாந் தேதி. பதினேழு ஆடிப்பிறப்பு, ஆடியில் கலியாணம் இல்லை. சிட்னியிலிருந்து வருகிற ஐயர் வெள்ளி வந்து ஞாயிறு திரும்புகிறார். பெண்ணின் விசா முப்பத்தோராந் தேதி முடிகிறது. எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் இந்தச் சனிக்கிழமை தப்பினால் பெண் உஷா ஊருக்கு விமானம் ஏற வேண்டும். சாவகச்சேரியில் அவளுடைய வீட்டுக்கு ஷெல்லடியில் கூரை போய் ஆறு கிழமை.

உஷா நகரத்தின் மறுபக்கத்து ஒனிஹங்காவில் தன் பெரியம்மா செல்வநாயகி அக்கா வீட்டில் இருந்தாள். தை மாதம் வந்தவள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டது ஒரேயொரு தடவை, மாசியில், ஏழு பேர் சுற்றியிருக்க, முக்கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு தாலி ஏறும்வரை காணக் கூடாது என்பது செல்வநாயகி அக்காவின் சட்டம். அவ தையல் தொழிற்சாலை ஒன்றில் நாற்பது பெண்களை மேற்பார்வை பார்ப்பவ. சட்டம் என்றால் சட்டம்.

அவவுக்கு ரெலிபோனில் செய்தி சொன்னேன். பத்தரைக்குக் காரில் வந்து இறங்கினா. உள்ளே வரவில்லை. குசினி யன்னலுக்கு வெளியே, குடையைப் பிடித்தபடி நின்றா.

"டொக்டரைக் கூப்பிட்டனீங்களோ?"

"அம்மாளுக்கு ஆர் அக்கா டொக்டரைக் கூப்பிடுவினம்?" என்றாள் குணவதி.

"ஐயருக்கு என்னெண்டு சொல்லுறது? மண்டபத்துக்கு என்னெண்டு சொல்லுறது? பொடியனிலை வந்தது அம்மாள்தானெண்டு ஒரு படிச்ச மனுசன் சொல்லட்டும். சொன்னால் நான் போய்ப் பிள்ளையின்ரை பெட்டியை அடுக்கிறன்."

குணவதியின் முகம் கறுத்தது. நான் ஹென்டர்சன் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

மத்தியானம் அவர் வந்தார். மெலிந்த வெள்ளைக்காரர், மழைக்கோட்டு. தவராசாவைக் குசினிக் கதிரையில் இருத்தினார். தொண்டைக்குள் வெளிச்சம் அடித்தார். கழுத்தைத் தடவினார். சாய்ந்து படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே விரலால் அமத்திப் பார்த்தார். பிறகு, என்ன மருந்து எடுத்தான் என்று கேட்டார்.

குணவதி டின்னைக் கொண்டுவந்து வைத்தாள், கலியாண அல்பம் காட்டுகிற மாதிரி. டொக்டர் மூடியிலிருந்த என் தாளைக் கொஞ்ச நேரம் வாசித்தார். பின்னர் ஒரு பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்தார்.

"இவை எல்லாம் ஒரே குடும்பம்," என்றார். "பெனிசிலின் குடும்பம். இந்த வெள்ளைக் குளிசைதான் மூத்தது. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமிக்கு இதுவே போதும். கறுப்பு-சிவப்பு அம்பிசிலின். சிவப்பு-மஞ்சள் அமொக்சிசிலின், அதன் தம்பி. காது, நெஞ்சு, சிறுநீர் என்று எல்லா வீட்டுக்கும் போய் வருகிறவர்கள். இது புளுகுளொக்சசிலின், கட்டு, சீழ், தோல் புண், இவைதான் அதன் வேலை. மற்றதுகளை முறிக்கிற கிருமியிடம் இது முறியாது."

"கேட்டீங்களோ," என்றாள் குணவதி என்னிடம். "எல்லாம் நல்ல குடும்பம். நான் பிழையாய் ஒண்டும் குடுக்கேல்லை."

அதையும் டொக்டருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.

"நல்ல குடும்பம்தான்," என்றார் டொக்டர். "ஆனால் இவனுக்கு வந்தது வைரஸ். அதற்கு இந்தக் குடும்பத்தில் ஒருவரும் உதவ மாட்டார்கள். உபத்திரவம்தான் செய்வார்கள். இது சுரப்பிக் காய்ச்சல். இந்தக் காய்ச்சல் இருக்கிறபோது அம்பிசிலினோ தம்பியோ கொடுத்தால் அநேகமாக எல்லாருக்கும் இப்படிப் பொட்டுப் போடும். நிறுத்தினால் போய்விடும். இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறேன், நாளைக்கு உறுதியாகச் சொல்வேன். இன்னொன்று, இவனுக்குப் பெனிசிலின் ஆகாது என்று யாரும் ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது. பின்னொரு நாள் உண்மையாகத் தேவைப்பட்டால் கொடுக்கப் பயப்படுவார்கள்."

தவராசா முதல் தடவையாக மூச்சு விட்டான். அம்மாள் இல்லை. தண்ணி வார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை கையில் இருக்கிறது.

"தொத்துமோ எண்டு கேளுங்கோ," என்றா யன்னலுக்கு வெளியே நின்ற செல்வநாயகி அக்கா.

கேட்டேன்.

"காற்றிலே பெரிதாகத் தொற்றாது. எச்சிலால்தான். இளம் ஆட்களுக்கு வருவது. இங்கே நாங்கள் முத்தக் காய்ச்சல் என்று சொல்வோம்."

நான் சற்று யோசித்து, "வாய் சம்பந்தமாய்த் தொத்துமாம்," என்றேன்.

"எனக்கும் இங்கிலீசு விளங்கும், நவரத்தினம்."

குடையை மடக்கினா. வாசலைச் சுற்றி உள்ளே வந்து தவராசாவுக்கு முன்னால் நின்றா.

"ஆரைத் தம்பி?"

தவராசா கூரையைப் பார்த்தான்.

"வெள்ளைக்காரியோ?"

"இல்லை, அன்ரி."

"அப்ப தமிழோ?"

அவனுடைய முகத்தில் பொட்டுக்கும் மிச்சத் தோலுக்கும் இருந்த நிற வித்தியாசம் போய்விட்டது.

"அக்கா," என்றாள் குணவதி அவசரமாக, "இந்த டொக்டர்மாருக்கு என்ன தெரியும். அம்மாள்தான் வந்திருக்கிறா. நான் அப்போதிக்கரியின்ரை மகள் சொல்லுறன்."

"அம்மாள் வந்தால் ஒன்பதாம் நாள் போயிடுவா. இவன்ரை வருத்தம் போகாது." அக்காவின் குரல் உயரவில்லை. "ஊரிலை அதுகள் ஓட்டைக் கூரைக்குக் கீழை இருந்துகொண்டு, பிள்ளை ஒரு நல்ல இடத்திலை போய்ச் சேர்ந்திட்டுதெண்டு நித்திரை கொள்ளுதுகள். கூரையில்லாத வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவன், இப்பிடி ஒருத்தனுக்குக் குடுக்கமாட்டன். நவரத்தினம், மண்டபத்துக்கு வேண்டாமெண்டு அடியுங்கோ."

நான் ரெலிபோன் பக்கம் போனேன். வேறென்ன செய்வது? தவராசாவைப் பார்த்தேன், ஏதாவது சொல்லடா என்று. அவன் இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்தபடி இருந்தான். சொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு பிரயாசைப்பட்ட மனுசனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

டொக்டருக்கு எங்கள் கதை ஒன்றும் விளங்கவில்லை. பையை அடுக்கிக்கொண்டு, வழமையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: வேறு யாருக்காவது தொண்டை நோ, களைப்பு, கழுத்தில் வீக்கம் இருக்கிறதா?

செல்வநாயகி அக்கா எந்த நிலையிலும் ஒரு டொக்டர் வந்ததை வீணாக்கமாட்டா. ஆங்கிலத்தில் நேரே அவருக்கே சொன்னா.

"என்னுடைய பெறாமகள் உஷாவுக்கு இரண்டு கிழமையாகத் தொண்டை நோ. கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு. எந்நேரமும் படுக்கை. கலியாண யோசனையாக்கும் என்று விட்டுவிட்டேன். அவளுக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள்."

சொல்லி முடித்த பிறகும் அக்காவின் வாய் இன்னுமொரு சொல் வர இருக்கிறதைப் போலத் திறந்தபடி இருந்தது.

"அந்தப் பெண் யார்?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.

"மணப்பெண்."

அவர் தலையைக் குனிந்து பையின் பூட்டைப் பூட்டினார். பூட்ட நெடுநேரம் எடுத்தது.

"எங்கை?" என்றா அக்கா, தவராசாவைப் பாராமல்.

"ஒனிஹங்கா லைப்ரரியிலை, அன்ரி."

"எந்த நாளிலை?"

"செவ்வாயும் வியாழனும். பங்குனியிலை இருந்து."

"அவள் தையல் புத்தகம் எடுக்கப் போறனெண்டல்லோ போனவள்."

"எடுத்தவ, அன்ரி. ஒவ்வொரு நாளும் எடுத்தவ."

அவன் வேலை செய்யும் இடத்திலிருந்து ஹென்டர்சன் லைப்ரரி ஏழு நிமிட நடை. கிழமைக்கு இரண்டு தடவை ஒனிஹங்காவுக்குக் காரோடினவனைப் பற்றி, எவ்வளவு படிப்பு ஆர்வம் என்று நானே பெனடிக்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"ஆர் முதல்?" என்று குணவதி கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். "இல்லை, காய்ச்சலைச் சொன்னனான்," என்றாள்.

செல்வநாயகி அக்கா கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தா. குடையைச் சுவரோடு சாத்தினா. பிறகு டொக்டரிடம் திரும்பி, மேற்பார்வைக்காரியின் குரலில் கேட்டா.

"இவர் சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் ஓமத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு இருக்கலாமா?"

"களைத்தால் நிறுத்த வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது. பெண்ணையும் பின்னேரம் போய்ப் பார்க்கிறேன். ஆனால் தயவுசெய்து அவளுக்கு இந்த டின்னிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள். அவளுக்கும் பொட்டுப் போட்டுவிடும்."

"குணவதி, பிள்ளைக்கு நீ ஏதும் குடுத்தனீயோ?"

"கேட்டிருந்தால் குடுத்திருப்பன், அக்கா. நல்ல காலம், கேக்கேல்லை."

டொக்டர் போனார். டின்னையும் கொண்டுபோனார், மூடியை மட்டும் என்னிடம் தந்தார், எழுத்து நன்றாயிருக்கிறது என்று.

"நவரத்தினம் அண்ணை," என்று தவராசா மெல்லக் கேட்டான், "மண்டபத்துக்கு அடிக்கவோ?"

"ஏன் அடிக்கிறது?" என்றா செல்வநாயகி அக்கா. "இனி உங்கள் ரெண்டு பேரையும் ஆடி முடியும்வரைக்கும் வைச்சுக் காவல் காக்க என்னாலை ஏலாது. சனிக்கிழமை எண்டால் சனிக்கிழமை. நீர் போய்ப் படும். குணவதி, நீ அடுப்பை மூட்டு. பணியாரம் அரைவாசியிலை நிக்குது."

வியாழக்கிழமை டொக்டர் ரெலிபோன் எடுத்து இரத்தத்தில் அதுதான் என்றார். இருவருக்கும்.

சனிக்கிழமை தவராசாவுக்குக் கழுத்து மூடிய பட்டுச் சட்டை போட்டு, முகத்துக்குக் குணவதி இரண்டு பூச்சுப் பவுடர் போட்டாள். டொக்டர் சொன்னபடி பாரம் தூக்க விடவில்லை; ஆனால் தாலிக்கொடி பதினொரு பவுண், அதை வேறு ஆர் கட்டுவது? கட்டினான். உஷா குனிந்த தலை நிமிரவில்லை. சபையில் எல்லாரும் நல்ல அடக்கமென்றார்கள். கழுத்து நோவென்று எங்களுக்குத் தெரியும்.

பால்பழம் கொடுக்கிற நேரம் குணவதி என் காதுக்குள், இரண்டு வெள்ளிக் கோப்பை வைக்கட்டோ, வருத்தக்காரர் அல்லோ என்றாள். பக்கத்தில் நின்ற செல்வநாயகி அக்காவுக்கு அது கேட்டது.

"ஒண்டு காணும்," என்றா. "இனிப் பரவ என்ன கிடக்கு."

உஷா முதலில் குடித்தாள். அளந்து வைத்ததுபோலச் சரி அரைவாசி மிச்சம் விட்டாள்.