அறுந்து போக வேண்டிய நூல்

என் வீட்டுக்காரர் அன்று எழுந்து போகவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

மேடையில் கயிறு வித்தை காட்டிப் பிழைப்பவள் நான். வெட்டிய கயிற்றை ஒட்ட வைப்பேன், குட்டைக் கயிற்றை நீளமாக்குவேன், போட்ட முடிச்சை வாயால் ஊதியே அவிழ்ப்பேன். இதையெல்லாம் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, இன்றுதான் முதல் தடவை பார்ப்பவர் போலக் கை தட்டுவார். கடைசி உருப்படி மட்டும் அவருக்கு ஆகாது. இரண்டு கயிற்றை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, கூட்டத்திலிருந்து கூப்பிட்ட இரண்டு தடியர்களை முன்னால் ஒரு முடிச்சுப் போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்லுவேன். கயிறு என் கழுத்துக்குள் புகுந்து வந்த மாதிரி முன்னால் வந்து விழும். தடியர்களைக் கூப்பிட நான் வாயைத் திறக்கும்போதே இவர் எழுந்து வெளியே போய்விடுவார். கைதட்டல் கேட்ட பிறகுதான் கதவுப் பக்கம் தலை தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான். கேலி பண்ணிப் பண்ணி எனக்கே அலுத்துவிட்டது.

அன்று ஒரு அட்டைப்பெட்டி ஆலையில் ஆண்டு விழா. சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரம் தள்ளி, பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். மதியம் ஒரு ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு காட்சி, சாயங்காலம் அடுத்த ஷிப்டுக்கு இன்னொன்று. மதியக் காட்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. லாரியில் சரக்கு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேரை மேலே கூப்பிட்டேன். ஒவ்வொருவர் கையும் என் தொடை கனம் இருந்தது. பழக்கத்தில் முதல் வரிசையைப் பார்த்தேன். இவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆளிடம் என்னைக் காட்டி ஏதோ பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷனுக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது இத்தனை தைரியம் என்று நினைத்துக்கொண்டே கயிற்றைக் கழுத்தில் போட்டேன். கட்டைவிரல் கயிற்றின் நடுவில் பட்டது. வழவழவென்று, கெட்டியாக, ஒரு முடிச்சு. நான் போட்டதில்லை.

இந்த இடத்தில் தொழில் ரகசியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது உண்மையில் கழுத்தைச் சுற்றிய கயிறே இல்லை. இரண்டு கயிறும் பாதியில் மடங்கி, ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமுமாகப் போகும். பிடரிக்குப் பின்னால் இரண்டு மடிப்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு மெல்லிய பருத்தி நூல். இழுத்ததும் நூல் அறும், கயிறு முன்னால் வந்துவிடும். அந்த நூல் அறவில்லை என்றால் அது வித்தை இல்லை, சுருக்கு.

இது அவருக்குத் தெரியாது. அவர் தையல்காரர். என் மேடைச் சட்டைகளில் இருக்கிற ரகசியப் பைகள் அத்தனையும் அவர் கைவேலை. எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கட்டின புருஷனிடம்கூட வித்தையைச் சொல்லாதவள் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு திமிர். காலையில் நான் குளிக்கப் போனபோது கயிற்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். வேறு யார் கை பட்டிருக்கும்?

பின்னலை அவிழ்த்து முடியைப் பின்னால் படர விட்டிருந்ததால் விரல் செய்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது. நகத்தால் கீறினேன். பிய்த்தேன். நூல் அசையவில்லை. கயிற்றைக் கழற்றி எடுக்கவும் வழியில்லை. எடுத்தால் மடிப்பு இரண்டும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். மூன்று பக்கமும் ஜனம். சரக்கு ஆட்கள் அதற்குள் முடிச்சைப் போட்டுக் கயிற்றை முஷ்டியில் சுற்றிக்கொண்டுவிட்டார்கள். விழாவை நடத்தும் மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து எண்ணுங்கள் என்று கூட்டத்தைக் கிளப்பிவிட்டார். ஒன்று என்றதுமே வலப்பக்கத்து ஆள் ஆர்வக் கோளாறில் வெடுக்கென்று இழுத்துவிட்டான். தொண்டை அடைத்து இருமினேன். கூட்டம் சிரித்தது. நடிக்கிறேனாம்.

கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினேன். இந்த இரண்டு பேரும் என் ஆட்கள் என்று யாராவது நினைக்கலாம், நம்பாத ஒருவர் வந்து பின்பக்கம் சோதித்துப் பார்க்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். சொன்னது தப்பாகப் போயிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டான். அவன் என் முடியை விலக்கினால் அதோடு எல்லாம் முடிந்தது. அவசரமாக முதல் வரிசையில் இவரைக் காட்டி, அந்த நீலச் சட்டைக்காரர்தான் வர வேண்டும் என்றேன். நீலச் சட்டைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரைச் சொல்கிறாள் என்று தேடுகிறாராம். அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்து ஆள் தள்ளிவிட்டுத்தான் எழுந்தார். தயங்கித் தயங்கி மேடைப் படி ஏறினார்.

பின்னால் வந்து நின்றதும் உதடு அசையாமல் கேட்டேன்.

"நூலை மாத்துனீங்களா?"

"ஆமா. பழசு இத்துப்போயிருந்துச்சு. ரெட்டை நைலான் போட்டிருக்கேன். யானை இழுத்தாலும் அறாது."

"அது அறுந்தாத்தான் நான் பொழைப்பேன்."

பிடரியில் பட்டுக்கொண்டிருந்த அவர் மூச்சு நின்றது. கத்திரிக்கோல் இருக்கிறதா என்றேன். கடையில் என்றார். மேற்பார்வையாளர், என்ன ஐயா, சோதித்தாயிற்றா என்று இரைந்தார். கூட்டம் மறுபடி எண்ண ஆரம்பித்தது.

சட்டென்று என் முடி விலகியது. அவர் முகம் என் கழுத்தில் புதைந்தது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று சொல்லித்தான் என் அம்மா இவரை எனக்குக் கட்டி வைத்தாள். அந்தப் பிள்ளை கூடம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் என் பிடரியில் வாயை வைத்து நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் அல்லவா, கத்திரி இல்லாவிட்டால் பல்.

கூட்டத்துக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை நின்று போனது. எங்கோ ஒரு விசில் கிளம்பியது, பிறகு கூடம் முழுக்க விசில். மேற்பார்வையாளர் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். இவர் விடவில்லை. பட் என்று ஒரு இழை அறுவது எனக்குக் கேட்டது. இன்னொன்று இருக்கிறது. இப்போது இரண்டு பேராக இழுத்தார்கள். நான் கயிற்றை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவரைப் பிய்த்து எடுத்த மாதிரி எடுத்துக் கீழே தள்ளினார்கள்.

இரண்டாவது இழை அறுந்ததா? கேட்கவும் முடியவில்லை, விரலை விட்டுப் பார்க்கவும் முடியவில்லை. அவரைப் பார்த்தேன். வாய்க்குள் நூல் இருந்திருக்க வேண்டும், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா? உடம்பே ஆடிக்கொண்டிருந்ததில் எது என்று எனக்குப் புரியவில்லை. மேற்பார்வையாளருக்கு அந்த அசிங்கத்தைச் சீக்கிரம் மூடி மறைக்க வேண்டும். அவரே மூன்று என்று கத்திவிட்டார். சரக்கு ஆட்கள் இரண்டு பேரும் காலை ஊன்றி இழுத்தார்கள்.

கயிறு முன்னால் வந்து விழுந்தது.

கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. குனிந்து வணக்கம் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. மேடைக்குக் கீழே அவர் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பாத்திரங்கள் அடுக்கிய பின்னறையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் சாமானில் கை வைக்க யார் சொன்னது, கேட்டிருக்கக் கூடாதா, ஊர் சிரிக்க வைத்தீர்களே என்று மூச்சு விடாமல் திட்டினேன். கழுத்து எரிந்துகொண்டிருந்தது. அவர் அந்தச் சிவப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துல போடுற கயிறு. அதுல இத்துப்போன நூலைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா போவேன்?"

எனக்கு அழுகைதான் வந்தது. வித்தையை நான் முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் இந்த மனுஷன் இத்தனை வருஷம் வாசலில் நின்று செத்துச் செத்துப் பிழைத்திருக்க மாட்டார்.

சாயங்காலக் காட்சி பாக்கி இருந்தது. வெளியே அடுத்த ஷிப்டு ஆட்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. என் பெட்டியிலிருந்து பருத்தி நூலை எடுத்தேன். இரண்டு தடவை ஊசியில் கோத்துப் பார்த்தேன், நுழையவில்லை. கயிற்றையும் நூலையும் அவர் மடியில் போட்டு, நீங்களே போடுங்கள், இழுத்தால் அறுந்துவிட வேண்டும் என்றேன்.

அவர் ஒரு தையல் போட்டார். பழக்கத்தில் கை தானாக இன்னொரு சுற்று சுற்றியது. பிரித்தார். மறுபடி போட்டார், இழுத்துப் பார்த்தார், நூல் அறுந்தது. அறுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அறுந்துடுச்சே என்று பாவமாக என் முகத்தைப் பார்த்தார். அறுந்தால்தான் சரி என்றேன். ஊசியை மறுபடி கோத்தார். கண் நிறைந்து, ஊசி முனை தெரியாமல் விரலில் குத்திக்கொண்டார். விரலைச் சப்பிவிட்டு ஒரே ஒரு சுற்று, தொளதொளவென்று போட்டு முடித்தார்.

வெளியே என்னைக் கூப்பிட்டார்கள். கயிற்றை வாங்கக் கையை நீட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை.

"இது போதுமா, பாரு. இதைவிட மோசமா எனக்குத் தைக்க வராதும்மா."