படகுத்துறையில் ஓர் ஆசீர்வாதம்

எங்கள் ஊர் தேவாலயத்தை விற்கலாமா வேண்டாமா என்று சபையார் கை தூக்கிச் சொல்வதற்குத் திங்கட்கிழமையைக் குறித்தார்கள். திங்கள் விடியும்போது ஆண்கள் படகேறிவிடுவார்கள், வெள்ளிதான் கரைக்கு வருவார்கள். எடின்பரோவில் சபைத் தலைமையகத்தில் உட்கார்ந்து நாள் குறித்தவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று தூக்கும் கைகள் கடலில் இருக்கட்டும் என்றுதான் அந்த நாளைக் குறித்தார்கள்.

வாங்க வந்தவன் அதை விடுமுறை வீடாக்கப் போகிறானாம். ஆராதனையில் மீனவர்கள் உட்காரும் மாடியில் குளியலறை வருமாம். அந்த மாடியின் முகப்புப் பலகையில்தான் என் கணவர் கில்பர்ட்டின் பெயர் செதுக்கியிருக்கிறது. அவர் உடலைக் கடல் திருப்பித் தரவில்லை. கல்லறை என்று எனக்கு இருப்பது அந்தப் பலகைதான். அதன் பக்கத்தில் எவனோ சோப்பு போட்டுக் குளிப்பான்.

கூட்டம் நடத்த வந்த போதகர் லாக்ஹார்ட் ஞாயிறு மாலையே வந்து என் வீட்டில் தங்கினார். ஊரில் அறை வாடகைக்கு விடுபவள் நான் ஒருத்திதான். நான் பொரித்த மீனை முள் பார்த்துத் தின்றுகொண்டே, "மனசத் தேத்திக்கோங்கம்மா. அது வெறும் கட்டடந்தானே," என்றார்.

அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தேன்.

"ஆமாங்கய்யா. காலையில படகு கெளம்புறப்ப துறைக்குப் போயி ஒரு ஜெபம் பண்ணுங்களேன். கறுப்பு அங்கியோட போங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு ஆசீர்வாதம் பண்ணாமப் போறதா?"

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

விடிந்ததும் நானே எழுப்பி, டீ கொடுத்து அனுப்பிவிட்டு ஜன்னலில் நின்றேன். கடலுக்குப் போகும் வழியில் போதகர் எதிர்ப்பட்டால் அபசகுனம்; எங்கள் ஆட்கள் அன்று படகின் கயிறு அவிழ்க்க மாட்டார்கள். படகில் 'போதகர்' என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். இவரோ ஒரு படகு விடாமல் நின்று கையுயர்த்தி ஆசீர்வதித்தார்.

என் கொழுந்தன் டோட் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, அந்தக் கறுப்பு அங்கிய எவன் துறைக்கு அனுப்புனது? ஒரு பய கெளம்பல. இன்னிக்குப் பொழப்பு போச்சு."

"நாந்தான் அனுப்புனேன்."

"ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஒங்கண்ணன் பேருக்குப் பக்கத்துல குளியல் தொட்டி வைக்கப் போறானுங்க. கடலுக்குப் போறேன்னு நழுவப் பாத்தியே, இப்பச் சும்மாதான இருக்க? மொகத்தக் கழுவிட்டுக் கோயிலுக்கு வா. மத்தவனுங்களையும் இழுத்துட்டு வா."

அவன் தொப்பியைக் கழற்றினான்.

கூட்டத்தில் மீனவர் மாடி நிரம்பி வழிந்தது. யாரும் பூட்ஸைக்கூட மாற்றவில்லை. "விற்க வேண்டாம் என்பவர்கள்" என்று போதகர் கேட்டார். மாடி முழுவதும் கைகள் எழுந்தன. டோட் எழுந்து நின்றே கை தூக்கினான்.

பெட்டியை எடுக்க வந்த போதகர் என்னை முறைத்தார்.

"என்னை ஏமாத்திட்டீங்கம்மா."

"நாளக் குறிச்சது யாருங்கய்யா?"

அவர் பெட்டியைத் தூக்கினார். "அடுத்த வருஷம் மறுபடியும் ஓட்டுக்கு விடுவோம்," என்றார்.

"விடுங்க. எந்தத் திங்கக்கெழமன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லியனுப்புங்க. இதே அறைதான். காலையில நானே எழுப்பிவிடுறேன்."